கொடிநாள் டப்பா (கடிதமும் பதிலும்)

வணக்கம் ஐயா,

டிசம்பரில் என் மகளின் பள்ளியிலிருந்து கொடிநாள் நிதிக்கு ஒரு கியூஆர் கோடு அனுப்பியிருந்தார்கள். நூறு ரூபாய் போட்டேன், முடிந்தது. எதற்குக் கொடுத்தோம் என்று அவளுக்குத் தெரியாது. நீங்கள் பெங்களூர் அல்சூரில் பட்டாளத்துக் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்ததாக எழுதியிருந்தீர்கள். போரில் இறந்தவர்களுக்கு மரியாதை என்பது அப்போது இன்னும் உண்மையாக இருந்ததா?

எம்., கே.ஆர். புரம்

அன்புள்ள எம்.,

எங்களுக்கும் ஒன்றும் தெரியாது. பிரிகேட் ரோடும் ரெசிடென்சி ரோடும் சேருமிடத்தில் ஒரு கல்தூண் நிற்கிறதே, அது முதல் உலகப் போரில் இறந்த மதராஸ் பயனியர் படைக்காரர்களின் நினைவுத்தூண் என்பது எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரியும். அதுவரை அதைப் பார்த்தால் இறங்கும் இடம் வந்துவிட்டது, பஸ்ஸில் சீட்டை விட்டு எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அல்சூரில் இருந்தது மெட்ராஸ் சாப்பர்ஸ். 1780இல் தொடங்கிய படை, பாலம் கட்டுவதும் கண்ணிவெடி எடுப்பதும் அவர்கள் வேலை. அங்கே சிப்பாய்க்குப் பெயரே 'தம்பி'தான். (1944இல் இத்தாலியில் வெடிக்கப்போன கண்ணிவெடி மேல் விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றிய சுபேதார் சுப்பிரமணியன் இந்தப் படைதான். ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது பெற்றவர், நம் ஆள், எந்தப் பள்ளிப் பாடத்திலும் நான் அவரைப் படிக்கவில்லை.)

எங்கள் காம்பவுண்டில் ஆறு வீடு, கடைசி வீட்டுக்காரர் சாப்பர்ஸில் இருந்தார். அவர் மனைவி எங்களுக்கு அக்கா. அக்காவுக்கு எழுதத் தெரியாது, அக்கா சொல்லச் சொல்ல அவருக்கு இன்லண்ட் லெட்டரில் எழுதுவது என் வேலை. முகவரியில் ஊர்ப் பெயரே இருக்காது. நம்பர், பெயர், யூனிட், அப்புறம் 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் நிலைய எண். 'இது எந்த ஊருக்கா?' என்று கேட்டால், 'எனக்கு மட்டும் தெரியுமா, நீ எழுது' என்பார். குழந்தைக்குப் பல் முளைத்தது, சீமெண்ணெய் கிடைக்கவில்லை, இதுதான் விஷயம், எல்லாக் கடிதத்திலும்.

1971 டிசம்பரில் தந்தி வந்தது. மேற்கு எல்லை என்று மட்டும் பிறகு தெரிந்தது. அன்று காம்பவுண்டே அழுதது, பெரிய ஆட்கள் வந்தார்கள், மாலை போட்டார்கள், எனக்கு அதெல்லாம் மங்கலாகத்தான் இருக்கிறது. நன்றாக நினைவிருப்பது அதற்கடுத்த எட்டு மாதம். கல்யாணத்தைப் பதிந்தபோது யாரோ எழுத்தர் அக்கா பெயரைத் தப்பாக எழுதியிருக்கிறார், மகாலட்சுமி வெறும் லட்சுமி ஆகிவிட்டது, அந்த ஒரு 'மகா'வுக்காகப் பென்ஷன் நின்றுபோனது. அப்பா கிளார்க், ராத்திரி உட்கார்ந்து மனு மேல் மனுவாக டைப் அடிப்பார். 'பார்ட் டூ ஆர்டர்' (சிப்பாயின் கல்யாணம், குழந்தை போன்ற விவரங்களைப் பட்டாளம் பதிந்துவைக்கும் ஆணை) என்ற வார்த்தையை நான் பத்து வயதில் கற்றது அப்படித்தான். அம்மா அவர்கள் வீட்டுக்கும் சேர்த்து உலை வைத்தாள். நான் ரெண்டு டின்னோடு சீமெண்ணெய் வரிசையில் நிற்பேன், எரிச்சலோடுதான், கிரிக்கெட் போய்விடுமே என்று. மரியாதை என்று இதை யாரும் சொல்லவில்லை. தேசபக்தி என்றும் சொல்லவில்லை.

கொடிநாளுக்கு வருகிறேன். 1949லிருந்து டிசம்பர் 7, சிவப்பு, கருநீலம், இளநீலம், முப்படைக்கும் ஒவ்வொரு நிறம். பள்ளியில் ஆளுக்கொரு தகர டப்பாவும் ஒரு கட்டுக் காகிதக் கொடியும் குண்டூசியும் தருவார்கள். போர் முடிந்து மறு வருஷம் வசூலில் நான் வகுப்பில் முதலாவதாக வர வேண்டும் என்ற வெறியில் காம்பவுண்டில் ஒரு வீடு விடாமல் டப்பாவைக் குலுக்கினேன், கடைசி வீடு உட்பட. அக்கா உள்ளே போய் நாலணா எடுத்துவந்து போட்டார்.

அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். பளாரென்று ஒன்று விழுந்தது. 'அந்தக் காசே அவங்க மாதிரி ஆளுங்களுக்குத்தான்டா, அவங்ககிட்டயே வாங்கிட்டு வந்தியா?' கொடிநாள் பணம் யாருக்குப் போகிறது என்று எனக்கு விளங்கியது அப்போதுதான். உங்கள் மகளுக்கும் அதை மட்டும் சொல்லுங்கள், அடிக்காமல்.

நாலணாவைத் திருப்பிக் கொடுக்க அழுதுகொண்டே போனேன். அக்கா வாங்கவில்லை. 'காசு போட்டேன் இல்ல, கொடி எங்கே?' என்றார். கொடுத்தேன். அதைச் சேலையில் குத்திக்கொண்டுதான் அன்று சாயந்திரம் ரேஷன் கடைக்கு வந்தார்.