லெவியத்தான்: எந்தப் பதிப்பு?

கேள்வி: ஆங்கிலத் தத்துவ அறிஞர் தாமஸ் ஹாப்ஸின் 'லெவியத்தான்' என்ற அரசியல் தத்துவ நூலை முறையாகப் படிக்க விரும்புகிறேன். கடையில் பல பதிப்புகள் உள்ளன. எதை வாங்குவது? கூடவே ஓர் ஆய்வு நூலும் சொல்லுங்கள்.

பதில்: முதலில் உள்ளடக்கப் பக்கத்தைப் பாருங்கள். நான்கு பகுதிகள், 47 அத்தியாயங்கள் இருக்க வேண்டும். மலிவுச் சுருக்கங்கள் மூன்றாம், நான்காம் பகுதிகளை வெட்டிவிடுகின்றன. நூலில் பாதிக்கு அருகில் அது. திருச்சபையின் அதிகாரத்தை அரசுக்குக் கீழ்ப்படுத்தும் வாதமே அங்குதான் இருக்கிறது. அதை விட்டால் ஹாப்ஸ் வெறும் ஒப்பந்தக் கோட்பாட்டாளராக, அதாவது மக்களின் ஒப்பந்தத்தால் அரசு பிறக்கிறது என்று சொன்னவராக மட்டும், சுருங்கிவிடுவார்.

முழுப் பதிப்புகளில் ரிச்சர்ட் டக் தொகுத்த கேம்பிரிட்ஜ் பதிப்பு 1651 ஆங்கில மூலத்தைப் பழைய எழுத்துமுறையிலேயே தருகிறது. எட்வின் கர்லியின் ஹாக்கெட் பதிப்பு (1994) எழுத்துமுறையை நவீனமாக்கி, 1668 லத்தீன் பதிப்பில் ஹாப்ஸ் செய்த முக்கிய மாற்றங்களையும் மொழிபெயர்த்துச் சேர்க்கிறது. தனியாகப் படிப்பவருக்கு என் பரிந்துரை கர்லிதான். நோயல் மால்கம் 2012இல் கொண்டுவந்த மூன்று தொகுதி ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பு அற்புதமான உழைப்பு. ஆனால் விலை அதிகம், நூலகத்தில் பாருங்கள். மேற்கோள் காட்டும்போது அத்தியாய எண்ணையும் குறிப்பிடுங்கள், பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும்.

ஆய்வு நூல் என்றதும் பலர் அரசியல் சிந்தனை வரலாற்றாசிரியர் குவென்டின் ஸ்கின்னரின் 1978ஆம் ஆண்டு இரு தொகுதி நூலை ('தி ஃபவுண்டேஷன்ஸ் ஆஃப் மாடர்ன் பொலிட்டிகல் தாட்') வாங்கிவிடுகிறார்கள். சிறந்த நூல், ஆனால் அது 16ஆம் நூற்றாண்டோடு நின்றுவிடுகிறது, ஹாப்ஸுக்கு வருவதில்லை. ஸ்கின்னரின் 'ஹாப்ஸ் அண்ட் ரிபப்ளிகன் லிபர்ட்டி' (2008) உங்களுக்குப் பொருந்தும். அதைத் திறக்குமுன், குடிமக்களின் சுதந்திரம் பற்றிப் பேசும் 'லெவியத்தானின்' 21ஆம் அத்தியாயத்தைப் படித்துவிடுங்கள். இல்லையென்றால் ஸ்கின்னரின் வாசிப்பே ஹாப்ஸின் கருத்தாக மனதில் பதிந்துவிடும்.