மகனின் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. மனச்சிதைவு நோய்க்காக எட்டு மாதமாக ரிஸ்பெரிடோன் 4 மில்லிகிராம் சாப்பிடுகிறான். காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது, வேலைக்கும் போகிறான். "இது தூக்க மாத்திரை, ஆளை அடிமையாக்கிவிடும்" என்கிறார் என் அண்ணன். நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. குடிக்கு ஏங்குவதுபோல் இந்த மாத்திரைக்கு யாரும் ஏங்குவதில்லை. நாக்குக்கடியில் ஒளித்துவைத்து வாஷ்பேசினில் துப்புகிறவர்களைத்தான் நான் பார்க்கிறேன்.

தொடக்கத்தில் தூக்கத்துக்காகக் குளோனாசிபாம் போன்ற ஒன்றைச் சேர்த்து எழுதுவோம். பழக்கமாவது அதுதான். சில வாரங்களில் குறைத்து நிறுத்த வேண்டியது, பழைய சீட்டைப் பார்த்து அப்படியே எழுதும் புறநோயாளிப் பிரிவுகளில் மாதக்கணக்கில் ஓடும். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் வேறென்ன நடக்கும்? அட்டையில் அந்தப் பெயர் இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தினால் வலிப்பு வரலாம்.

முதல்முறை நோய் கண்டவருக்கு, குணமான பிறகும் ஓரிரு ஆண்டாவது மருந்து தேவை. நிறுத்திய மறுநாளே நோய் திரும்பாது. பெரும்பாலும் சில வாரமோ மாதமோ ஆகும். மூலிகைப் பொடி வியாபாரம் பிழைப்பதே அந்த இடைவெளியில்தான். "ஆங்கில மருந்தை நிறுத்திவிட்டு ஒரு மண்டலம் சாப்பிடுங்கள்" என்பார் தரகர். மண்டலம் முடியும்வரை பையன் நன்றாக இருப்பான், பெருமை பொடிக்குப் போகும். மறுபடி குரல் கேட்கத் தொடங்கும்போது அவர் போனை எடுக்கமாட்டார். பெயரும் உரிம எண்ணும் இல்லாத பொட்டலத்தை வீட்டுக்குள் விடாதீர்கள்.

உங்கள் மகனுக்குப் பொருந்தாவிட்டாலும் குளோசபின் பற்றிச் சொல்லியாக வேண்டும். மற்றவை பலிக்காதபோது கொடுப்பது அது. முதல் 18 வாரம் வாராவாரம் ரத்த வெள்ளணுக்களை எண்ண வேண்டும். காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் அன்றே பரிசோதனை. கல்யாணத்துக்கு ஊருக்குப் போய் இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால், பழைய அளவைத் தூக்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. ரத்த அழுத்தம் சரிந்து விழுந்துவிடுவார்கள். மருத்துவரிடம் போய் 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். இதைச் சீட்டில் எழுதிக்கொடுப்பவர்கள் குறைவு.

கை நடுக்கம், உடல் விறைப்பு, எடை கூடுவது இருந்தால் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்றலாம்.

செலவுதான் தடை என்றால் அரசு மருத்துவமனையில் ரிஸ்பெரிடோன் இலவசம். "ஸ்டாக் இல்லை" என்றால் பேசாமல் திரும்பிவிடாதீர்கள். அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகளை எப்போதும் இலவசமாகத் தர வேண்டும் என்கிறது 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம். நிலைய மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள்.