பொதுப்பள்ளியா, சிறப்புப் பள்ளியா?

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. ஆட்டிசம் உண்டு, இரண்டு மூன்று சொற்களாகத்தான் பேசுகிறான். எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

பதில்: ஆட்டிசம் என்ற பெயரை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. நடுவிலும் வழிகள் உண்டு: பொது வகுப்பில் படித்துக்கொண்டே தினமும் சிறிது நேரம் சிறப்பாசிரியரிடம் போகலாம்; சில பொதுப்பள்ளிகளுக்குள்ளேயே தனிப் பிரிவு இருக்கும்.

பள்ளியைப் பார்க்க, இடைவேளை மணி அடிக்கும் நேரத்தில் போங்கள். சத்தமும் நெரிசலும் தாங்காமல் பல குழந்தைகள் தவிப்பது அப்போதுதான். ஒதுங்கி அமர அமைதியான இடம் உண்டா? சொல்ல வராமல் பையன் கழிப்பறைப் படத்தைக் காட்டினால் ஆசிரியருக்குப் புரியுமா? வகுப்பில் அவனுக்குத் துணையாக இருக்கும் உதவியாளர் வராத நாளில் யார் பார்ப்பார்கள்? (இந்தக் கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் யோசியுங்கள்.)

உதவியாளர் எந்நேரமும் ஒட்டியே உட்கார்ந்தால், ஆசிரியர் பையனிடம் நேரடியாகப் பேசுவதே குறைந்துவிடும். தேவைக்கு மட்டும் அருகில் வந்து, மெல்ல விலகச் சொல்லுங்கள்.

எங்கே சேர்த்தாலும் இலக்குகளை எழுத்தில் வாங்குங்கள். ‘நன்றாகப் பழகுவான்’ என்பது இலக்கே அல்ல. ‘படத்தைக் காட்டித் தண்ணீர் கேட்பான்’ என்பதுதான் இலக்கு. முதலில் தினம் 1 மணி நேரம் அனுப்பிப் படிப்படியாகக் கூட்டலாம். 6 முதல் 8 வாரங்களில் ஆசிரியருடன் உட்கார்ந்து அலசுங்கள். தூக்கம் கெட்டாலோ, இருந்த பேச்சும் குறைந்தாலோ அதுவரை காத்திருக்க வேண்டாம்.