நவீன ஓவியக் கூடங்களுக்குப் போவதாலும் கிரேக்கப் புராணம் படிப்பதாலும் ஒருவர் கலாரசனை உள்ளவராக ஆக முடியுமா?

முடியும். புராணத்தை முதலில் படியுங்கள், ஓவியக் கூடத்துக்கு அப்புறம் போங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு படம் போதும். உங்கள் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். மீதி என் கதை.

நீங்கள் வேலைக்காக வெளிநாடு வந்தவர் என்று எடுத்துக்கொள்கிறேன். மதியச் சாப்பாட்டின்போது கூட வேலை பார்ப்பவர்கள் ஏதோ கண்காட்சியைப் பற்றிப் பேசியிருப்பார்கள். நடுவே ஒரு கிரேக்கப் பெயர் வந்திருக்கும், எல்லோரும் சிரித்திருப்பார்கள், நீங்களும் புரிந்த மாதிரி சிரித்து வைத்திருப்பீர்கள். லண்டன் வந்த புதிதில் நானும் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கூச்சம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

என்னை இந்தப் பக்கம் இழுத்துவிட்டது மகளின் பள்ளிப் பாடம். இங்கிலாந்தில் ஆரம்பப் பள்ளியிலேயே பண்டைய கிரேக்கம் பாடத்திட்டத்தில் உண்டு. அவள் நூலகத்திலிருந்து கதைப் புத்தகங்களாக எடுத்து வருவாள், இரவில் நான் படித்துக் காட்டுவேன். அவள் தூங்கிய பிறகும் என்னால் புத்தகத்தை மூட முடியாது. அப்படியே ஓவிட் வரைக்கும் போனேன். இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்னால் லத்தீனில் எழுதிய ரோமானியக் கவிஞர் அவர். கிரேக்கக் கதைகள் பலவும் நமக்குத் தெரிந்த வடிவத்தில் கிடைப்பது அவர் வழியாகத்தான்.

அதில் நார்சிசஸ் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. பிள்ளை நீண்ட காலம் வாழ்வானா என்று தாய் கேட்கிறாள். ‘தன்னைத்தான் அறியாதவரை வாழ்வான்’ என்கிறார் டைரீசியஸ் என்ற பார்வையற்ற ஞானி. வளர்ந்த பிறகு அவனை விரும்பி வந்தவர்களை எல்லாம் உதறுகிறான். பிறர் சொன்னதன் கடைசிச் சொற்களை மட்டுமே திருப்பிச் சொல்ல முடிந்த எக்கோ என்ற பெண், அவன் வெறுத்து ஒதுக்கியதில் உடம்பு கரைந்து வெறும் குரலாகிப் போகிறாள். அப்புறம் ஒருநாள் குளத்து நீரில் தன் முகத்தையே பார்த்து மயங்கி, அங்கேயே உருகிச் சாகிறான். உடல் இருந்த இடத்தில் ஒரு பூ.

அந்தக் கதை மனசில் இருக்கும்போதுதான் டேட் மாடர்ன் போனோம். தேம்ஸ் கரையில் இருந்த பழைய மின்நிலையத்தை மாற்றி 2000-இல் திறந்த கூடம் அது. நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் காசு வேண்டாம். சால்வடோர் டாலி 1937-இல் வரைந்த ‘நார்சிசஸின் உருமாற்றம்’ அங்கே இருந்தது. அகலமே எண்பது சென்டிமீட்டர் கூடக் கிடையாது. சிறிய படம்.

இடது பக்கம் பொன்னிறத்தில் ஒருவன் முழங்காலில் தலை கவிழ்த்துக் குளத்துக்குள் குந்தியிருக்கிறான். வலது பக்கம் அதே அளவில், அதே வளைவில் சாம்பல் நிறக் கல் கை ஒன்று நிற்கிறது. அதன் விரல் நுனியில் ஒரு முட்டை, முட்டையின் விரிசலிலிருந்து ஒரு வெள்ளைப் பூ. கையின் மேல் எறும்பு ஊர்கிறது. நான் இரண்டையும் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் என் கையைப் பிடித்து, ‘அம்மா, ரெண்டும் ஒரே ஆள்மா. அந்தத் தலைதான் முட்டை’ என்றாள். அந்த நிமிஷத்தில் படம் மொத்தமும் எனக்கு அசைந்தது. அவன் சாவதும் பூவாவதும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே நேரத்தில். கதை தெரியாமல் போயிருந்தால் அது எங்களுக்கு ஒரு விநோதமான கையாக மட்டும் இருந்திருக்கும். 1938-இல் டாலி லண்டனில் மனோதத்துவ அறிஞர் பிராய்டைச் சந்தித்தபோது எடுத்துப் போய்க் காட்டியது இந்தப் படத்தைத்தான் என்று பிறகு படித்தேன். மனத்தின் அடியாழத்துக்குக் கிரேக்கப் பெயர்களை வைத்தவரிடம் காட்ட இதைவிடப் பொருத்தமான படம் ஏது?

உருவமே இல்லாத படங்களுக்குப் புராணம் எதற்கு என்று கேட்பீர்கள். அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். மங்கிய வெளிச்சத்தில் கருஞ்சிவப்பும் கறுப்புமாகச் சுவரளவு படங்கள். நியூயார்க்கில் ஒரு ஆடம்பர உணவகத்துக்கென்று 1958-இல் தொடங்கி, அந்த இடம் பிடிக்காமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவற்றில் ஒன்பதை டேட் கூடத்துக்குக் கொடுத்தார். 1970 பிப்ரவரியில் படங்கள் லண்டன் வந்து சேர்ந்த அதே நாளில் அவர் இறந்துகிடந்தார். இதே ராத்கோ 1940-களின் தொடக்கத்தில் ஈஸ்கைலஸ் என்ற பண்டைய கிரேக்க நாடகாசிரியர் துன்பியல் நாடகமாக எழுதிய அகமெம்னான் கதையை வைத்துப் படம் வரைந்தவர். அந்தத் துயரத்தை அவர் கடைசிவரை விடவில்லை, உருவங்களைத்தான் விட்டார் என்பது என் எண்ணம். அந்த அறையில் உட்கார்ந்தால் எனக்குத் தொண்டை அடைக்கும்.

சரி, எனக்கு வலித்த விஷயத்துக்கு வருகிறேன். பள்ளி வாசலில் இன்னொரு குழந்தையின் அம்மா, ‘கிரேக்கக் கதையெல்லாம் உங்களுக்கு அந்நியமாக இருக்குமே’ என்றார். கெட்ட எண்ணம் இல்லை, பரிவோடுதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. நான் மயிலாடுதுறைப் பக்கம் வளர்ந்தவள். வைத்தீஸ்வரன் கோயிலில் சடாயு குண்டத்தைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இக்காரஸ் எப்படி அந்நியம்? சூரியனை நெருங்கிப் பறந்த தம்பி சடாயு வெயிலில் துவண்டபோது, அண்ணன் சம்பாதி தன் சிறகை விரித்து அவனை மூடினான். தன் சிறகு தீய்ந்து விழுந்தான். அங்கே இக்காரஸ், அப்பா டெடலஸ் மெழுகால் ஒட்டிக் கொடுத்த சிறகோடு உயரப் போய், மெழுகு உருகிக் கடலில் விழுகிறான். அப்பா பிழைத்திருந்து பிள்ளையைத் தேடுகிறார். இதை அவரிடம் நின்று சொன்னேன். அவர் மணி அடித்ததைக்கூடக் கவனிக்காமல் கேட்டார். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் ‘ஜாஸ்’ என்ற படத் தொகுப்பில் 1947-இல் வெளியிட்ட இக்காரஸைப் பாருங்கள்: நீல வானத்தில் கறுப்பு உடல், சுற்றிலும் மஞ்சள் வெடிப்புகள், நெஞ்சில் ஒரு சிவப்புப் புள்ளி. அந்தப் புள்ளியைப் பார்க்கும்போது எனக்குச் சம்பாதியும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறான்.

‘நம்மிடம் இல்லாத புராணமா, வெள்ளைக்காரன் கதை எதற்கு’ என்று கீழே யாராவது எழுதுவார்கள். நம் கதையை விட்டுவிட்டு அதைப் படியுங்கள் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. நம் கதை தெரிந்ததால்தான் அதுவும் எனக்குத் திறந்தது. ‘இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு’ என்பவர்களுக்கு: நூலகம் இலவசம், கூடமும் இலவசம், சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டுதான் போனோம்.

இதைவிட என்னை நோகடித்தது நம் ஆட்கள்தான். ஒரு பிறந்தநாள் விழாவில், ‘சனிக்கிழமை லெவன் பிளஸ் டியூஷனுக்கு அனுப்பாமல் பிள்ளையைப் படம் பார்க்கக் கூட்டிப் போகிறாயாமே’ என்று நாலு பேர் முன்னால் கேட்டார்கள். தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் கிராமர் ஸ்கூல் என்ற அரசுப் பள்ளிகளுக்கான நுழைவுத் தேர்வுதான் லெவன் பிளஸ். எந்த விசேஷத்துக்குப் போனாலும் வீடு சொந்தமா, மார்ட்கேஜ் எவ்வளவு, பிள்ளை எந்த கிராமர் ஸ்கூல் என்பதுதான் பேச்சு. பத்து வயதுப் பிள்ளைகள் விழாவுக்கு வந்தும் மூலையில் உட்கார்ந்து பயிற்சித் தாள் போடுகிறார்கள். அந்தப் பிள்ளைகளிடம் என்ன படித்தாய், எது பிடித்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்களுக்கு: நார்சிசஸ், இக்காரஸ், மினோட்டார், ஆர்பியஸ், பெர்செபனி, இந்த ஐந்து கதைகளில் தொடங்குங்கள். நவீன ஓவியர்கள் திரும்பத் திரும்ப வந்த கதைகள் இவை. பிகாசோ 1930-களில் மினோட்டாரை விடாமல் வரைந்தார். படங்களை அவ்வப்போது மாற்றி மாட்டுவார்கள், ஆகவே நீங்கள் தேடிப் போகும் படம் காட்சியில் இருக்கிறதா என்று இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பிலடெல்பியா பக்கம் இருப்பவர் என்றால் அங்குள்ள கலைக்கூடத்தில் சை டுவாம்ப்ளி ட்ராய் போரை வைத்து வரைந்த பத்துப் படங்கள் இருக்கின்றன. பார்க்கக் கிறுக்கல் போல இருக்கும். அக்கிலிஸ், ஹெக்டர் யார் என்று தெரிந்துகொண்டு போங்கள். வேறு ஊர் என்றால் கீழே எழுதுங்கள், எனக்குத் தெரிந்த படம் அங்கே இருந்தால் சொல்கிறேன்.