வீட்டிலேயே படிக்க வைக்கலாமா? சட்டம் குறித்த கேள்வி பதில்

மகளுக்கு ஏழு வயது. பள்ளியிலிருந்து நிறுத்தி நாங்களே சொல்லித் தரப் போகிறோம். கேஸ் ஏதும் வருமா? (கோவை)

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காவிட்டால் என்ன தண்டனை? அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. வீட்டுக் கல்விக் குடும்பங்கள் இந்த இடைவெளியில்தான் காலம் தள்ளுகின்றன. அதற்காக, ‘சட்டமே அனுமதிக்கிறது’ என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க ஆசிரியர்கள் வீடு தேடி வரலாம். கதவைச் சாத்தாமல் பிள்ளையின் நோட்டுகளைக் காட்டிப் பேசுங்கள். நிறுத்தும்போதே டி.சி.யைக் கையோடு வாங்கிவிடுங்கள்.

கடமையை மீறினால் குற்றம்தானே? மழுப்புகிறீர்களே! (மதுரை)

மழுப்பவில்லை. அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவைப் படியுங்கள். அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அதன் பிறகும் நடத்தினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம். தண்டிக்க நினைத்த இடத்தில் தொகை முதற்கொண்டு எழுதியவர்கள், பெற்றோர் விஷயத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டார்கள்.

அப்போ பிள்ளையை வேலைக்கு அனுப்பிவிட்டு ‘வீட்டுக் கல்வி’ என்று சொல்லிக்கொள்ளலாமே? (மறுபடியும் மதுரை)

முடியாது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைத்தால் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பாயும். ஆனாலும் உங்கள் பயம் நியாயமானது. அதனால்தான் 10-ஆம் பிரிவை நீக்கச் சொல்லி நான் கேட்பதில்லை. வீட்டில் படிப்பவர்களுக்கென்று ஒரு பதிவுமுறை வேண்டும் என்கிறேன். பதிவு இருந்தால் உங்களுக்கும் சந்தேகம் தீரும், அவர்களுக்கும் பயம் தீரும்.

ஐந்து குடும்பங்கள் சேர்ந்து மாடியில் ஒரு டீச்சரை வைத்துக்கொண்டால்? (திருச்சி)

இப்போதுதானே 18-ஆம் பிரிவைச் சொன்னேன்! போர்டு மாட்டி, ஃபீஸ் வாங்கி, காலை ஒன்பது மணிக்கு வகுப்பு ஆரம்பித்தால் அதிகாரி கண்ணுக்கு அது பள்ளிதான்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு என்ன வழி? (சேலம்)

தேசியத் திறந்தநிலைப் பள்ளி, அதாவது என்.ஐ.ஓ.எஸ். 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஐந்து பாடம் தேறினால் போதும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. பதிவு ஐந்தாண்டு செல்லும். விண்ணப்பிக்கும் முன் பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் ‘செ. கவின்’, மற்றதில் ‘கவின் செல்வம்’ என்று இருக்கும். நம் ஊர் இனிஷியல் செய்யும் வேலை இது. இப்போதே திருத்துங்கள், கல்லூரி அட்மிஷன் வரை இழுக்காதீர்கள்.

மகனுக்குக் கடுமையான மாற்றுத்திறன். எங்களுக்கும் இதே சட்டச் சிக்கலா? (நெல்லை)

இல்லை. 2012 திருத்தப்படி, வீட்டிலிருந்தே கற்பதைத் தேர்ந்தெடுக்க அவனுக்குச் சட்டப்படி உரிமை உண்டு.

ஜெர்மனிக்கு மாறப் போகிறோம். அங்கும் இப்படியே தொடரலாமா?

கூடாது. அங்கே பள்ளிக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும், அபராதமும் உண்டு.

பையனுக்கு எட்டு வயது. நிறுத்தினால் கேஸ் வருமா?

முதல் பதில். டி.சி.யையும் மறக்காதீர்கள்.