கேளுங்கள், சொல்கிறோம்: மொட்டை மாடி டிஷ் காலம்

கே: 1990-களின் தொடக்கத்தில் எங்கள் தெரு கேபிள்காரர் சாயங்காலமானால் மாடியேறி டிஷ்ஷைத் திருப்பிக்கொண்டே இருப்பார். டிஷ் பழுதா, அவருக்குத் தொழில் தெரியாதா? (வாசகர், ராயபுரம்)

ப: இரண்டும் இல்லை, அவரைக் குறை சொல்லாதீர்கள். ஏ.டி.என். (ஏஷியா டெலிவிஷன் நெட்வொர்க்) முதலான சில சேனல்கள் அப்போது ரஷ்யாவின் கொரைசோன்ட் செயற்கைக்கோள் வழியாக வந்தன. அந்த வகைக் கோள்களில் வடக்கு தெற்காக நகர்வதைத் திருத்தும் ஏற்பாடு கிடையாது. தரையிலிருந்து பார்த்தால் நாளெல்லாம் மேலும் கீழும் ஆடும். 12 அடி டிஷ் வானில் பிடிக்கும் அகலமோ சுமார் 1.4 டிகிரிதான். நடுவிலிருந்து 0.7 டிகிரி விலகினாலே சிக்னல் பாதியாகிவிடும். அனலாக் எஃப்.எம். சிக்னல் ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கினால், திரையில் கறுப்பு வெள்ளைக் கீற்றுகள் சட்டென்று கொட்டத் தொடங்கும். 16 அடி டிஷ் வாங்கியவர் பாடு இன்னும் சிரமம்: சிக்னல் கூடும், பிடிக்கும் அகலம் ஒரு டிகிரிக்குச் சுருங்கிவிடும்.

இன்னொன்று, அந்தக் கோளின் அலைகள் திருகுபோலச் சுழன்று வருபவை. டிஷ் குவிக்கும் அலையை வாங்கும் குழாயான சாதாரண ஃபீட்ஹார்னில் பாதி சக்தி வீண். விவரம் தெரிந்தவர்கள் ஃபீட்ஹார்னுக்குள் டெஃப்ளான் தகடு ஒன்றை, எல்.என்.பி.-யின் (சிக்னலைப் பெருக்கிக் கேபிளுக்கு அனுப்பும் கருவி) ஊசிக்கு 45 டிகிரி சாய்வாகச் செருகி அந்தப் பாதியை மீட்டார்கள். அருமையான கைவேலை அது.

கே: 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டன்று சன் டி.வி. தொடங்கியது. எங்கள் பெட்டியில் 12 பட்டன் இருந்தும் ‘இடமில்லை’ என்றாரே கேபிள்காரர்? (வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை)

ப: உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். வி.எச்.எஃப். என்ற அலைவரிசைப் பகுதியில் நமக்கு 2 முதல் 12 வரை 11 சேனல்கள், ஒவ்வொன்றும் 7 மெகாஹெர்ட்ஸ் அகலம். நிகழ்ச்சியைச் சேனல் அலைவரிசையில் ஏற்றும் மாடுலேட்டர் மலிவானதென்றால் பக்கத்துச் சேனலிலும் கசியும் என்பதால் ஒன்று விட்டு ஒன்றுதான் போட முடியும். அப்படிப் பார்த்தால் ஆறுதான் தேறும். அதில் தூர்தர்ஷன் கோபுரத்திலிருந்து நேரே வரும் சேனலில் வேறு எதையும் போட்டால் நிழல் விழும். ராத்திரி வீடியோ படத்துக்கு ஒன்று போய்விடும். ஆக, புதுச் சேனல் வர வேண்டுமென்றால் பழையது ஒன்று போக வேண்டும். கசிவை வெட்டும் எஸ்.ஏ.டபிள்யூ. ஃபில்டர் வைத்த மாடுலேட்டர்கள் பரவலான பிறகே அடுத்தடுத்த சேனல்களில் போட முடிந்தது.

கே: பார்ப்பவரிடம் காசு வாங்காத சேனல் எப்படித் தாக்குப்பிடித்தது? (வாசகர், தண்டையார்பேட்டை)

ப: விளம்பரம்தான், 10 விநாடிக்கு இவ்வளவு என்று. தயாரிப்பாளரே கட்டணம் கட்டி அரை மணி நேரத்தை வாங்கி, அதில் வரும் விளம்பர நேரத்தைத் தானே விற்கும் முறையும் இருந்தது. சேனலுக்குப் பணம் நிச்சயம். நஷ்டம் வந்தால் அது தயாரிப்பாளர் தலையில்.

கே: மாடியில் பழைய டிஷ் கிடக்கிறது. பயன்படுமா? (வாசகர், காசிமேடு)

ப: முதலில் தாங்கு கம்பியையும் போல்ட்டுகளையும் பாருங்கள். கடல் காற்றில் அரித்திருந்தால் ஐப்பசி மழைக்கு முன்பே இறக்கிவிடுங்கள். உறுதியாக இருந்தால் டிஜிட்டல் ரிசீவர் வைத்து இலவசச் சேனல்கள் பார்க்கலாம். ஃபீட்ஹார்னில் டெஃப்ளான் தகடு இருந்தால் எடுத்துவிடுங்கள், இன்சாட், ஜிசாட் கோள்களுக்கு அது வேண்டாம். பழைய எல்.என்.பி.-யை மாற்றியே ஆக வேண்டும். 3300 முதல் 3670 மெகாஹெர்ட்ஸ் வரை இப்போது 5ஜி ஓடுகிறது. பக்கத்தில் செல்போன் டவர் இருந்தால் பழைய எல்.என்.பி. அந்த அலையையும் சேர்த்துப் பிடித்துத் திணறிப்போகும். 5ஜி ஃபில்டர் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.