டிஎன்ஏ வினையூக்கி: கல்லூரி ஆய்வகத்தில் செய்து பார்க்க முடியுமா?

கேள்வி: எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்கிறேன். டிஎன்ஏவை வினையூக்கியாக்கும் (அதாவது, தான் செலவாகாமல் ஒரு வேதிவினையை வேகப்படுத்த வைக்கும்) இல்லினாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்காட் சில்வர்மனின் ஆய்வைப் பற்றிப் படித்தேன். அதுபோல ஒரு புராஜெக்ட் செய்ய ஆசை. வாழைப்பழத்திலிருந்து எடுக்கும் டிஎன்ஏ போதுமா?

பதில்: போதாது. அது நீளமான இரட்டை இழை. வினையூக்கத்துக்குத் தேவை, தன்மேல் தானே மடங்கிக்கொள்ளும் குட்டையான ஒற்றை இழை. இயற்கையில் இப்படி வேலை செய்யும் டிஎன்ஏ எதுவும் இதுவரை அறியப்படவில்லை. 1994இல் பிரேக்கர், ஜாய்ஸ் என்ற ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் உருவாக்கியதுதான் முதலாவது.

சில்வர்மன் குழுவைப் போலப் புதிதாக ஒன்றைத் தேடும் வேலையிலும் இறங்காதீர்கள். தாறுமாறான வரிசை கொண்ட எண்ணற்ற இழைகளில் வேலை செய்பவற்றைப் பிரித்து, பிசிஆரில் (டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் முறை) பெருக்கி, மறுபடி பிரித்து எனப் பல சுற்றுகள் போகும். தேடியதுதான் கிடைக்கும் என்றும் இல்லை. புரதத்தில் உள்ள பெப்டைடுப் பிணைப்பை வெட்டும் டிஎன்ஏவைத் தேடப்போன அவர்களுக்கு, டிஎன்ஏவையே வெட்டும் டிஎன்ஏ கிடைத்தது. 2009இல் அதை வெளியிட்டார்கள். அவர்களுக்கு அது லாபம். ஒரு செமஸ்டர் மட்டுமே உள்ள உங்களுக்கு வைவாவில் தலைவலி.

ஏற்கெனவே நன்கு ஆராயப்பட்ட 17ஈ (17E) என்ற டிஎன்ஏசைமை, அதாவது வினையூக்கும் டிஎன்ஏவை, எடுத்துக்கொள்ளுங்கள். துத்தநாகம் அல்லது ஈய அயனியின் துணையோடு, இன்னொரு இழையை அதில் உள்ள ஆர்என்ஏ எழுத்தின் இடத்தில் வெட்டுவது இதன் வேலை. 2000இல் வேதியியலாளர் யீ லூவின் குழு ஈயத்தைக் கண்டறியும் உணரியை அமைத்தது இதை வைத்துத்தான். இதன் எழுத்து வரிசை, ஆய்வுக் கட்டுரைகளில் இருக்கிறது. பிரைமர் (பிசிஆருக்கான குட்டை டிஎன்ஏ இழை) செய்து தரும் நிறுவனத்திடமே ஆர்டர் கொடுக்கலாம். வெட்டுப்படும் இழையை முழு ஆர்என்ஏவாக வாங்காதீர்கள். விலை அதிகம், கை பட்டாலே சிதையும். வெட்டுமிடத்தில் மட்டும் ஒரே ஒரு ரைபோநியூக்ளியோடைடு (ஆர்என்ஏ எழுத்து) உள்ள டிஎன்ஏ இழை போதும். ஒரு முனையில் ஒளிரும் சாயம் கேளுங்கள். இழைகளை நீளப்படி பிரிக்கும் யூரியா ஜெல்லில் ஓட்டினால் வெட்டுப்பட்ட துண்டு முன்னால் போய் நிற்கும்.

பாஸ்பேட் பஃபர் வேண்டாம். துத்தநாகமும் ஈயமும் வீழ்படிவாகிவிடும். வினையை நிறுத்த, உலோக அயனியைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ சேருங்கள்.

கட்டுப்பாட்டுச் சோதனையில் கஞ்சத்தனம் கூடாது. ஈய அயனி தனியாகவே ஆர்என்ஏவை மெதுவாக வெட்டும். தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். ஆகவே உலோகம் இல்லாமல் ஒன்று, டிஎன்ஏசைம் இல்லாமல் ஒன்று, டிஎன்ஏசைமின் மையத்தில் எழுத்தை மாற்றி ஒன்று என மூன்றையும் ஓட்டுங்கள். முதலில் துத்தநாகத்தில் செய்து கை பழகட்டும். அப்புறம் ஈயம், அந்தக் கழிவை சிங்கில் ஊற்றாமல் தனி பாட்டிலில் சேருங்கள்.